மாநிலம் மாறும் குடும்பமும் வண்டியின் பதிவும்

உலகம் முழுவதும் பெயர் பதிவு செய்யப்பட வேண்டுமென்று அகுஸ்து சீசர் கட்டளையிட்ட காலத்தில், புனித சூசையப்பர் கருவுற்றிருந்த மரியன்னையை உடன் அழைத்துக்கொண்டு நாசரேத்தூரிலிருந்து பெத்லகேமுக்குப் பயணமானார் என்று லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. தாம் தொழில் செய்து வாழ்ந்த ஊரில் அல்ல, தம் குலத்தின் ஊரிலேயே அவர் பெயரைப் பதிய வேண்டியிருந்தது. பயணம் கடினமானது, காலமோ பேறுகாலம். ஆயினும் அத்திருக்குடும்பம் அரசின் ஏட்டில் தன் பெயரைப் பதியத் தயங்கவில்லை.

இன்றைய அரசு நம்மிடம் இதற்கு நேர்மாறானதைக் கேட்கிறது. பிறந்த ஊர் எதுவாயினும் ஆகட்டும், இன்று வாழும் ஊரில் பதிவு செய் என்கிறது. வாக்காளர் பட்டியலுக்கும் குடும்ப அட்டைக்கும் உள்ள இவ்விதி, நம் வீட்டு வாசலில் நிற்கும் இருசக்கர வண்டிக்கும் காருக்கும் உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியிலுள்ள நம் பங்குகளில், பிழைப்பைத் தேடி எல்லை கடக்காத குடும்பங்கள் இன்று மிகச் சிலவே. பெங்களூர் நமக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் கடந்தால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். மேற்கே சங்ககிரி வழியாகக் கோவை சென்று வாளையாறு தாண்டினால் கேரளம். மகன் மென்பொருள் நிறுவனத்தில் வேலையேற்கிறான். மகள் மருத்துவமனையில் செவிலியாகிறாள். வங்கியிலும் இரயில்வேயிலும் பணிபுரியும் குடும்பத் தலைவருக்கு இடமாற்றம் வருகிறது. வீட்டுச் சாமான்கள் லாரியில் ஏறுகின்றன. அவற்றோடு கயிற்றால் கட்டப்பட்டு இருசக்கர வண்டியும் ஏறுகிறது. புதிய ஊர் சேர்ந்ததும் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழைப் பள்ளியில் கொடுக்கிறோம். எரிவாயு இணைப்பை மாற்றுகிறோம். புதிய பங்கின் குருவானவரைக் கண்டு குடும்பத்தின் பெயரைப் பதிகிறோம். வண்டியின் பதிவை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். அந்தப் ‘பிறகு’ ஆண்டுக்கணக்கில் நீள்வதும், ஒரு நாள் ஒரு விபத்தோ விற்பனையோ மரணமோ நேரும்போது பெரும் இடராக வந்து நிற்பதும் கண்கூடு. ஆகவே இதுபற்றி நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே முறையாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் மோட்டார் வாகனங்களுக்கான சட்டம் முதலில் 1914இலும், பின்னர் விரிவாக 1939இலும் இயற்றப்பட்டது. இப்போது நடைமுறையிலுள்ளது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். இது 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் 46ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தில் செய்யப்பட்ட பதிவு இந்தியா முழுவதும் செல்லும் என்கிறது. எனவே நாமக்கல்லின் டி.என். 28 எண் தாங்கிய கார் பெங்களூர்ச் சாலையில் ஓடுவதாலேயே குற்றமாகிவிடாது. உறவினரைக் காணவும், திருத்தலங்களுக்குச் செல்லவும், சில மாதப் பயிற்சிக்காகவும் எடுத்துச் செல்லும் வண்டிக்குப் புது எண் தேவையில்லை.

ஆனால் அடுத்த பிரிவாகிய 47, இதற்கு ஓர் எல்லை வகுக்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கப்பட்டால், உரிமையாளர் அந்தப் புதிய மாநிலத்தின் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துப் புதிய எண் பெறவேண்டும். ஓராண்டு நிறைந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் இவ்விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டுமென்று மத்திய அரசின் விதிகள் கூறுகின்றன. அன்றியும், 49ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள முகவரியில் நாம் குடியிருப்பது நின்றுவிட்டால், 30 நாட்களுக்குள் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும்.

இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளலாகாது. சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குக் குடிபெயர்பவருக்கு முகவரி மாற்றம் மட்டுமே உண்டு, டி.என். 30 என்ற எண் டி.என். 34 ஆக மாற வேண்டியதில்லை. மாநில எல்லையைக் கடந்து அங்கேயே நிலைத்துவிட்டால்தான் எண் மாறும்.

நாடு ஒன்றாயிருக்க எண் ஏன் மாறவேண்டும் என்று கேட்பவர் உண்டு. விடை அரசியல் சாசனத்தில் இருக்கிறது. அதன் ஏழாம் அட்டவணையில், வாகனங்கள் மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலப் பட்டியலின் 57ஆம் இனமாக வைக்கப்பட்டுள்ளது. பதிவு நாடு முழுவதற்கும் பொது, வரியோ மாநிலத்திற்குரியது. நம் மாநிலம் 1974ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டத்தின்படி வரி வாங்குகிறது. கார், இருசக்கர வண்டி ஆகியவற்றிற்கு வாங்கும்போதே வாழ்நாள் வரியாக ஒரே தவணையில் கட்டிவிடுகிறோம். அந்த வாழ்நாள் என்பது இந்த மாநிலத்திலுள்ள வாழ்நாள் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். வேறு மாநிலத்தின் சாலையை நிரந்தரமாகப் பயன்படுத்தத் தொடங்கும்போது, வண்டியின் வயதைக் கணக்கிட்டு அம்மாநிலம் தன் வரியைக் கேட்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 12 மாதம் என்பது புதிய எண்ணுக்கு மத்தியச் சட்டம் தரும் காலம். வரிக்கு மாநிலங்கள் தத்தம் சட்டத்தில் வேறு காலம் வைக்கலாம். கர்நாடகம் 2014இல் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி 30 நாட்களுக்கு மேல் தங்கினால் வாழ்நாள் வரி கட்டவேண்டும் என்றது. அது உயர் நீதிமன்றம் வரை வழக்காயிற்று. ஆதலால் புதிய ஊர் சேர்ந்த முதல் மாதத்திலேயே அவ்வூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டறிவது அறிவுடைமை. வண்டி எந்த நாளில் எல்லை கடந்தது என்பதைக் காட்டும் சுங்கச்சாவடி இரசீது, சாமான் ஏற்றிய லாரியின் இரசீது, வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவதும் நலம். ஐயம் எழும்போது நம் வாய்ச்சொல்லைவிட இக்காகிதங்களே நமக்காகப் பேசும்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

முதலாவது, கடன். வண்டி வங்கிக் கடனில் வாங்கப்பட்டிருந்தால், பதிவுச் சான்றில் அந்த வங்கியின் பெயரும் ஏறியிருக்கும். கடன் தீர்ந்திருந்தால் வங்கியும் உரிமையாளரும் கையொப்பமிட்ட 35ஆம் படிவத்தைக் கொடுத்து அப்பதிவை நீக்கிக்கொள்ள வேண்டும். தீராதிருந்தால் வண்டியை மாற்ற ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை வங்கியிடம் பெற வேண்டும். பழைய ஊரின் கிளையில் நேரில் சென்று பெறுவது எளிது. ஊர் மாறிய பின் கடிதப் போக்குவரத்தில் மாதங்கள் கழியும்.

இரண்டாவது, பாக்கி. போக்குவரத்துக் காவலர் விதித்த அபராதம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று இணைய வழியில் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும். காப்பீடும் புகைச் சான்றும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தடையில்லாச் சான்று. இதுவே தலையாயது. வண்டி எந்த அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதோ அதே அலுவலகத்தில் 28ஆம் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, அடையாள மற்றும் முகவரிச் சான்றுகள் ஆகியவற்றோடு, வண்டியின் சேசிஸ் எண்ணைக் காகிதத்தில் பென்சிலால் தேய்த்தெடுத்த பதிவையும் இணைப்பது வழக்கம். விண்ணப்பத்தை இப்போது மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் தொடங்கலாம். அலுவலகம் இச்சான்றைத் தருமுன், வண்டி திருட்டு வழக்கில் சிக்கியதன்று என்பதற்குக் காவல்துறையின் எழுத்து மூலமான அறிக்கையைப் பெறவேண்டும். வரிபாக்கி இல்லையென்றும் பார்க்க வேண்டும். இவை 48ஆம் பிரிவின் கட்டளை. மக்களுக்குச் சாதகமான ஒன்றும் அதே பிரிவில் உண்டு: விண்ணப்பம் கிடைத்த 30 நாட்களுக்குள் சான்றைத் தரவோ, காரணம் கூறி மறுக்கவோ வேண்டும், இரண்டும் செய்யாவிடில் சான்று தரப்பட்டதாகவே கருதப்படும். ஆதலால் விண்ணப்பம் கொடுத்ததற்கான இரசீதைப் பொன்போல் காக்க வேண்டும். சான்று வந்து சேராத நிலையில், அந்த இரசீதை வைத்தே புதிய மாநிலத்தில் விண்ணப்பிக்கச் சட்டம் இடந்தருகிறது.

நான்காவது, புதிய பதிவு. புதிய ஊரின் அலுவலகத்தில் 27ஆம் படிவத்தையும், முகவரி மாற்றத்திற்கான 33ஆம் படிவத்தையும் கொடுத்து, அம்மாநில வரியையும் கட்டணத்தையும் செலுத்தி, வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். புதிய எண் கிடைத்ததும் உயர் பாதுகாப்பு எண் பலகை பொருத்த வேண்டும். புதிதாக வரும் எல்லா வண்டிகளுக்கும் இத்தகைய பலகை 2019 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது.

ஐந்தாவது, பின்தொடர் வேலைகள். புதிய எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்துப் பத்திரத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். சுங்கச்சாவடிக்கான ஃபாஸ்டாக் பழைய எண்ணோடு பிணைந்திருப்பதால் அதனையும் மாற்ற வேண்டும். ஓட்டுநர் உரிமம் மட்டும் இந்தியா முழுவதும் செல்லுமாதலால், மாநிலம் மாறியதற்காகப் புதிதாக எடுக்க வேண்டியதில்லை.

ஆறாவது, பலர் கைவிட்டுவிடும் ஒன்று: பழைய மாநிலத்தில் கட்டிய வாழ்நாள் வரியில் எஞ்சிய காலத்திற்குரிய பகுதியைத் திரும்பப் பெறுதல். புதிய பதிவுச் சான்றின் நகலோடு பழைய அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இது அரசு தரும் சலுகையன்று. நம் உழைப்பின் பணம். சிறு தொகையாயினும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கு உதவுமல்லவா?

புது வண்டி வாங்கவிருப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். நிரந்தர வேலை பெங்களூரில் என்று தெரிந்திருந்தும் சேலத்தில் வண்டி வாங்கி இங்கேயே வரி கட்டிப் பதிந்தால், ஓராண்டில் மீண்டும் ஒரு வரி, மீண்டும் ஓர் அலைச்சல். இங்கே வாங்கினாலும் 43ஆம் பிரிவின்படி தற்காலிகப் பதிவு பெற்றுக் கொண்டுசென்று, வாழப்போகும் ஊரிலேயே நிரந்தரப் பதிவு செய்துகொள்வது சிக்கனம்.

அடிக்கடி இடமாற்றம் பெறுவோருக்காக மத்திய அரசு 2021 ஆகஸ்டில் ‘பாரத்’ வரிசை எண்ணை அறிவித்தது. படைவீரர்கள், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள் ஆகியோரும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள தனியார் நிறுவனங்களின் ஊழியர்களும் தம் சொந்த வண்டிக்கு இதனைக் கோரலாம். ‘பி.எச்.’ என்ற எழுத்துக்கள் கொண்ட இவ்வெண் மாநிலந்தோறும் மாற வேண்டியதில்லை. வரியையும் வாழ்நாளுக்கு மொத்தமாக அன்றி இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம். மாநிலத்திற்கு மாநிலம் நடைமுறை வேறுபடுமாதலால், தகுதியுள்ளோர் தம் அலுவலகத்தில் விசாரித்த பின்னரே முடிவு செய்வாராக.

விற்றுவிட்டால் பொறுப்பு தீர்ந்ததா?

‘பதிவு மாற்றுவதில் இவ்வளவு வேலையா? வண்டியை இங்கேயே யாருக்கேனும் கொடுத்துவிட்டுப் போய்விடலாம்’ என்று எண்ணுவோர் பலர். அதில் தவறில்லை. ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு, தேதியிடாத படிவங்களில் கையொப்பமிட்டுத் தரகரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுச் செல்லும் பழக்கம் பேரிடருக்கு வித்திடுவது.

உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அளித்த ஒரு தீர்ப்பை நாம் எல்லாரும் அறிந்திருத்தல் வேண்டும். 2009 மே மாதம் ஒரு நாள் காலை, வட இந்தியக் கிராமத் தெருவொன்றில் ஒரு பெண்ணும் அவருடைய உறவுக்காரச் சிறுவனும் நடந்து சென்றுகொண்டிருந்தபோது, பின்னோக்கி வந்த கார் இருவர்மீதும் மோதியது. சிறுவன் மாண்டான். ஏட்டில் உரிமையாளராக இருந்தவர், ‘அவ்வண்டியை 2007லேயே விற்றுவிட்டேன்’ என்றார். அவரிடம் வாங்கியவரும் பிறருக்கு விற்றிருந்தார். இவ்வாறு கார் பல கை மாறியிருந்தது. ஆனால் ஏட்டில் பெயர் மட்டும் மாறவேயில்லை. இழப்பீட்டை யார் தருவது? பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர்; பொறுப்பு அவருடையதே என்று நீதிமன்றம் கூறிவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் கைமாறிய ஒவ்வொருவரையும் தேடி அலைய வேண்டும் என்றால், அது சட்டத்தின் நோக்கத்தையே குலைத்துவிடும் என்பது அத்தீர்ப்பின் உட்கருத்து.

பிள்ளையை இழந்த வீட்டின் பக்கம் நின்று பார்த்தால், இத்தீர்ப்பின் நீதி விளங்கும். எண் பலகை என்பது சாலையில் செல்லும் ஒவ்வொரு வண்டியும் தன் அயலானிடம் கூறும் வாக்குறுதி: ‘என்னால் உனக்குத் தீங்கு நேருமாயின், எனக்குப் பொறுப்பானவர் இன்னார், அவர் இன்ன இடத்தில் இருக்கிறார்.’ பெயரும் முகவரியும் பொய்யாகிப் போனால் அவ்வாக்குறுதியும் பொய்யாகிறது.

விற்பவர் கடமை இதுவே. 50ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்தில் விற்றால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலத்தவருக்கு விற்றால் 45 நாட்களுக்குள் தடையில்லாச் சான்றையோ அதற்கு விண்ணப்பித்த இரசீதையோ அனுப்ப வேண்டும். வாங்கியவரும் 30 நாட்களுக்குள் தம் ஊர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 29, 30ஆம் படிவங்கள் இதற்குரியவை. பெயர் மாறியதை இணையத்தில் நம் கண்ணால் பார்த்த பிறகே விற்பனை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

குடும்பத் தலைவர் இறந்த பின்

துயரமான இன்னொரு நிலையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. வண்டி பெரும்பாலும் தந்தையின் பெயரில் இருக்கும். அவர் இறந்தபின் மகன் அதனை வெளிமாநிலத்திற்கு எடுத்துச் சென்று ஆண்டுக்கணக்கில் ஓட்டுவான். இறந்தவர் பெயரில் தடையில்லாச் சான்று கோர எவருமில்லை. காப்பீட்டிலும் சிக்கல் எழும். விதிகளின்படி, இறந்த 30 நாட்களுக்குள் அலுவலகத்திற்கு அறிவித்து, மூன்று மாதங்களுக்குள் 31ஆம் படிவத்தில் வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். முப்பதாம் நாள் திருப்பலிக்கு ஏற்பாடு செய்யும் அந்நாட்களிலேயே, கைம்பெண்ணாகிவிட்ட தாய்க்கு உதவியாக உறவினர் ஒருவர் இவ்வேலையையும் முடித்துக் கொடுப்பாராயின், அது இறந்தவருக்குச் செய்யும் நன்றிக்கடனுமாகும்.

லாரிக் குடும்பங்களுக்கு

லாரியைப் பற்றிப் பேசாமல் நாமக்கல்லைப் பற்றிப் பேச இயலாது. பாடி கட்டும் பட்டறைகளும், எரிவாயு டேங்கர் லாரிகளும், சங்ககிரியின் சரக்கு லாரிகளும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் இம்மண்ணின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றுள்ளன. டி.என். 28, 34, 52 எண்களைக் காணாத நெடுஞ்சாலை இந்தியாவில் அரிது. நம் பங்குகளில் ஓட்டுநராகவும் கிளீனராகவும் பட்டறைத் தொழிலாளராகவும் உழைப்போர் குடும்பங்கள் பல.

சரக்கு லாரி ஊர் ஊராய் ஓடுவதால் எண் மாற்ற வேண்டியதில்லை. அதற்காகவே நேஷனல் பர்மிட் உள்ளது. 2010 மே மாதம் நடைமுறைக்கு வந்த புதிய ஏற்பாட்டின்படி, மாநிலந்தோறும் தனித்தனியே கட்டாமல் ஒரே கூட்டுக் கட்டணம் செலுத்தினால் போதும். ஆனால் ஒரே மாநிலத்தில் முகாமிட்டு ஆண்டுக்கணக்கில் தொழில் செய்யும் வண்டியின் நிலை வேறு. அத்தகைய உரிமையாளர்கள் அம்மாநிலத்தின் வரி விதிகளைத் தனியே விசாரித்து நடக்க வேண்டும். பழைய லாரியை வெளிமாநிலத்தாருக்கு விற்போரும், மேலே சொன்ன தீர்ப்பை மனத்தில் கொண்டு, தடையில்லாச் சான்றும் பெயர் மாற்றமும் முடியும்வரை ஓயலாகாது. சாலையில் லாரி செய்யும் விபத்தின் இழப்பீடு ஒரு குடும்பத்தின் நிலபுலத்தையே விழுங்கக்கூடியது.

குறுக்கு வழியும் மனச்சான்றும்

வரி குறைவான இடத்தில் பொய் முகவரி கொடுத்துப் பதிவு செய்வது இன்று பலருக்குச் சாமர்த்தியமாகத் தோன்றுகிறது. புதுச்சேரியில் குடியிராமலே அங்குள்ள ஏதோ ஒரு வீட்டு எண்ணைக் காட்டி விலையுயர்ந்த கார்களைப் பதிவு செய்ததாகக் கேரளத்தில் 2017இல் திரைத்துறையினர் சிலர் உட்படப் பலர் மீது விசாரணையும் வழக்குகளும் எழுந்தன. நம் மாநிலத்திலும், வெளிமாநில எண்ணோடு தமிழ்நாட்டுக்குள்ளேயே பயணிகளை ஏற்றிச் சென்ற ஆம்னி பேருந்துகள் மீது 2024 ஜூனில் போக்குவரத்துத் துறை நடவடிக்கை எடுத்தது. முன்பதிவு செய்திருந்த பயணிகள் பட்ட அல்லல் கொஞ்சமன்று.

பெரியவர்கள் செய்ததைச் சிறிய அளவில் நாமும் செய்கிறோம். நண்பரின் வீட்டு முகவரியைக் காட்டுகிறோம். ஐந்தாண்டாக வெளிமாநிலத்தில் குடியிருந்துகொண்டு, காவலர் நிறுத்தினால் ‘நேற்றுத்தான் ஊரிலிருந்து வந்தேன்’ என்கிறோம். பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளை அதனைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளையை ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் படித்த அதே பிள்ளை.

வரி செலுத்துதல் வெறும் சட்டக் கடமையன்று. யாருக்கு வரி செலுத்த வேண்டுமோ அவர்களுக்கு வரி செலுத்துமாறு புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் தன் 2240ஆம் எண்ணில், பொது நன்மையில் நமக்குள்ள பங்கினால் வரி செலுத்துதல் ஒழுக்கக் கடமையாகிறது எனப் போதிக்கிறது. சாலைப் பயணத்தின் ஒழுக்கத்தைப் பற்றியே வத்திக்கான் 2007 ஜூனில் தனி ஏடு ஒன்றை வெளியிட்டு, ஓட்டுநர்களுக்கெனப் பத்துக் கட்டளைகளையும் அதில் வகுத்துத் தந்தது. சாலையில் நாம் காட்டும் பொறுப்பும் அயலாரன்பின் ஒரு பகுதியே என்பது அதன் சாரம்.

அதேவேளையில் அரசுகளுக்கும் நாம் கூற வேண்டியது ஒன்றுண்டு. நேர்மையாக நடக்க விரும்பும் ஏழைத் தொழிலாளி, ஒரு நாள் கூலியை இழந்து இரு மாநில அலுவலகங்களுக்கும் மாறி மாறி அலைய வேண்டியிருப்பது நீதியன்று. அலைச்சலுக்கு அஞ்சியே பலர் தரகரிடமும் குறுக்கு வழியிலும் விழுகின்றனர். ஜெர்மனியில் 2015 முதல், ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்வோர் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று எளிதாக்கிவிட்டார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலோ, குடியேறியவர் 20 நாட்களுக்குள் வண்டியைப் பதிய வேண்டும். காலம் நீண்டதோ குறுகியதோ, வழி நேராயிருந்தால் மக்கள் நேராகவே நடப்பர். பழைய மாநிலத்தின் வரியைத் திரும்பத் தருவதும் புதிய மாநிலத்தின் வரியை வாங்குவதும் ஒரே விண்ணப்பத்தில் முடியுமாயின், நேர்மை இவ்வளவு விலையுயர்ந்ததாக இராது.

அதுவரை நம்மால் ஆவதைச் செய்வோம். ஒவ்வொரு பங்கிலும் ஓட்டுநர்களும், போக்குவரத்து அலுவல் அறிந்தோரும், கணினி தெரிந்த இளைஞர்களும் இருக்கின்றனர். வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞர் மன்றத்தாரும் மாதத்தில் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஊர் மாறும் குடும்பங்களுக்கும் கைம்பெண்களுக்கும் படிவங்களை நிரப்பிக் கொடுக்கலாம். புது வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்திக் குருவானவரிடம் மந்திரிக்கச் செய்யும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு. அன்றே பதிவுச் சான்றிலுள்ள பெயரும் முகவரியும் மெய்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம். ஆசீர் பெற்ற வண்டி, உண்மையான முகவரியோடு சாலையில் செல்லட்டும்.